மருத்துவ பீடத்துக்கு எந்த மாவட்டத்துப் பிள்ளையாகப் போவது?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நல்ல சித்தி எடுத்த பிள்ளை உள்ள வீட்டில் முதலில் எழும் கேள்வி, உயர்தரத்துக்கு எங்கே சேர்ப்பது என்பதுதான். மட்டக்களப்பு மாவட்டத்து மாங்கேணியில் அந்தக் கேள்வி இன்னும் கனமானது. பிள்ளை டொக்டருக்குப் படிக்க விரும்பினால், வாழைச்சேனையா, மட்டக்களப்பு நகரமா, மாமா வீடு இருக்கும் திருகோணமலையா, சித்தப்பா இருக்கும் கொழும்பா என்று குடும்பமே கூடிப் பேசும். விடுதிச் செலவு, பஸ் வசதி, ரியூசன் எல்லாம் கணக்கில் வரும். மாவட்டம் மாறினால் என்ன ஆகும் என்பது மட்டும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. மருத்துவ பீடத்தின் கதவைத் திறப்பதிலும் மூடுவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இருக்கைகள் பிரிக்கப்படும் விதம்

அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. மருத்துவம் போன்ற துறைகளில் மொத்த இருக்கைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படும். எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. அயலில் உள்ள திருகோணமலை, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. கொழும்பும் கண்டியும் இல்லை.

கணக்கு எளிதாக இருக்க, நாடு முழுவதற்கும் 1,000 மருத்துவ இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். திறமை அடிப்படையில் 400 பேர் முதலில் தெரிவாவார்கள். அவர்களில் மட்டக்களப்புப் பிள்ளை இருந்தால் அது மாவட்டப் பங்கிலிருந்து கழிக்கப்படாது. மாவட்டங்களுக்கு 550 இருக்கைகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் மட்டக்களப்பின் பங்கு ஏறத்தாழ 2.6 சதவீதம். ஆகவே சுமார் 14 இருக்கைகள் வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் ஏறத்தாழ மூன்று கிடைக்கும். ஆக, திறமைப் பட்டியலுக்கு வெளியே மட்டக்களப்புக்குக் கிடைப்பது ஆயிரத்துக்குப் பதினேழு.

இந்த முறை சும்மா வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. அதனால் எழுந்த கசப்பு இந்நாட்டு அரசியலையே மாற்றியது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர் பலர் இருக்கை இழந்தனர் என்பது உண்மை. மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கோட்டா வழி திறந்தது என்பதும் உண்மை.

இசட் புள்ளி

2001 முதல் தெரிவு இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பதைவிட, அந்தப் பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியைவிட எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்பதை அது பார்க்கும். பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 10 என்றால், 60 எடுத்தவரின் இசட் புள்ளி 2. இரசாயனவியலில் சராசரி 50, விலகல் 20 என்றால், அதே 60க்கு 0.5தான். மருத்துவத்துக்கு உயிரியலோடு சேர்த்து மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுக்கும் சராசரி எடுக்கப்படும். அதை வைத்தே மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி பிறக்கிறது. உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும்.

மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படும்?

பிறப்புச் சான்றிதழில் மட்டக்களப்பு என்று இருந்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது போதாது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதே முதன்மையாகப் பார்க்கப்படும். மாங்கேணிப் பிள்ளை கல்குடா வலயத்தில் படித்தாலும், நகரத்தின் புனித மிக்கேல் கல்லூரியிலோ வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையிலோ கல்லடி சிவானந்தாவிலோ படித்தாலும் மாவட்டம் ஒன்றுதான். கதிரவெளியைத் தாண்டி வெருகல் ஆற்றுக்கு அப்பால் போய்ப் படித்தால் கணக்கு திருகோணமலைக்குப் போகும். கொழும்பில் படித்தால் கொழும்புப் பிள்ளைகளோடு கொழும்பு வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். அந்த 5 சதவீதமும் இல்லை.

எதிர்த்திசையில் செய்யப்படும் தந்திரமும் உண்டு. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, படிப்பை வேறு ஊரில் நடத்துவார்கள். அப்படிப் பெறும் ஒவ்வோர் இருக்கையும் அந்த மாவட்டத்தில் உண்மையில் படித்த ஒரு பிள்ளையிடமிருந்து போவது. பொய்த் தகவல் என்று தெரியவந்தால் அனுமதியே ரத்தாகலாம்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி

அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பட்டம் முடித்த பிறகே பொதுவாக மருத்துவக் கல்லூரி. பாடசாலையிலிருந்து நேரே இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சில இடங்களில் வழி உண்டு. மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிற்றி வளாகம் 1971 முதல் ஆறு ஆண்டுகளில் இரு பட்டங்களையும் தருகிறது. அங்கே உள்மாநில மாணவருக்குக் கட்டணம் குறைவு, வெளிமாநிலத்தவருக்கு அதிகம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அத்தகைய இணைப்புத் திட்டமோ பெரும்பாலும் அந்த மாநிலத்தவருக்கானது. உள்ளூர் வரிப்பணத்தில் படிப்பவர் உள்ளூருக்கு மருத்துவராக வேண்டும் என்பது அவர்களின் நியாயம். நம் நாட்டில் ஐந்தாண்டு எம்பிபிஎஸ் உயர்தரத்திலிருந்து நேரே தொடங்குகிறது, அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அரச பீடத்தில் எந்த மாவட்டத்தவரானாலும் கட்டணம் இல்லை. இங்கே ஊர் மாறினால் மாறுவது இருக்கை.

கிழக்குப் பல்கலைக்கழகம் நமக்கா?

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் மருத்துவக் கற்கை மட்டக்களப்பில், போதனா வைத்தியசாலையோடு இணைந்து நடக்கிறது. "எங்கட மாவட்டத்துப் பீடம்தானே, எங்களுக்கு இடம் இருக்கும்" என்று நம்பிவிடக் கூடாது. அங்குள்ள இருக்கைகள் மட்டக்களப்புக்கென்று ஒதுக்கப்பட்டவை அல்ல. நாட்டின் எல்லா மாவட்டப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். விண்ணப்பத்தில் பீடங்களை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது யாழ்ப்பாணம், பேராதனை, றுகுணு, ரஜரட்ட எல்லாவற்றையும் மனதில் வைத்தே எழுத வேண்டும். எந்தப் பீடமானாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு ஆங்கிலப் பயிற்சியைப் பெறுபேறு வரும்வரை தள்ளிப்போட நேரமில்லை.

வெளிநாடு போக எண்ணுவோர், அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று காசு கட்டும் முன் பார்க்க வேண்டும். திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய, சபையின் பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

கோட்டா எட்டாத இடம்

மாவட்டக் கோட்டா கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான இடைவெளியை ஓரளவு குறைக்கிறது. மட்டக்களப்பு நகரத்துக்கும், மாங்கேணி இருக்கும் வாகரைக் கோட்டத்துக்கும் இடையிலான இடைவெளியை அது தொடுவதே இல்லை. 2004 சுனாமியும் 2006-07 இடப்பெயர்வும் அடுத்தடுத்துத் தாக்கிய கரை இது. இங்கிருந்து போகும் பிள்ளையும், நூற்றாண்டுப் பழைமையான நகரப் பாடசாலையில் ஆய்வுகூடத்தோடும் ஆசிரியர்களோடும் படித்த பிள்ளையும் அதே மாவட்ட இருக்கைகளுக்கே போட்டி. ஆகவே பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரால் வரும் நன்மை முதலில் போய்ச் சேர்வது அந்த மாவட்டத்தின் முன்னேறிய பகுதிக்குத்தான். விஞ்ஞான ஆசிரியர்களை நியமிப்பதும், பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி அமைப்பதும் கோட்டாவைவிட வாகரைக்கு அதிகம் உதவும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடுகைப் பத்திரம் எடுக்கும் முன், மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் மாவட்டம் பற்றிய பகுதியை அதிபரோடு இருந்து வாசியுங்கள். அது தமிழிலும் கிடைக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், ஆகவே அண்ணன் காலத்துக் கைந்நூலை நம்ப வேண்டாம். பிள்ளை நகரத்துக்குப் போகட்டும். மாவட்டத்தைத் தாண்டி அனுப்புவதானால் மட்டும், என்ன கிடைக்கும், எது போகும் என்று கணக்குப் பார்த்து அனுப்புங்கள்.