குழந்தை கிடைத்த பின்பு

மர்மப் படங்களில் முடிச்சு அவிழ்ந்ததும் கதை முடிந்துவிடும். குற்றவாளி பிடிபட்டான் என்ற நிம்மதியோடு நாமும் வீடு திரும்புவோம். 2023 செப்டம்பரில் வெளிவந்த ‘சித்தா’ அந்த நிம்மதியை எளிதில் தருவதில்லை. எஸ்.யு. அருண்குமார் இயக்கி, சித்தார்த் நடித்த இப்படம் சிறுவர்க்கு ஏற்றதன்று. ஆயினும் பெற்றோர் கண்டு சிந்திக்கத் தக்கது.

பழனியில் வாழும் ஈசுவரன், மறைந்த தன் அண்ணனின் மகள் சுந்தரியைக் கண்ணின் மணியெனப் போற்றி வளர்க்கிறான். சுந்தரியின் தோழி ஒருத்திக்குக் கொடுமை நேர்கிறது. அச்சிறுமி வாய் திறக்க அஞ்சுகிறாள். உற்ற நண்பனின் வீட்டிலேயே ஈசுவரன்மீது ஐயம் எழுகிறது. பின்னர்ச் சுந்தரியே காணாமற்போகிறாள்.

குழந்தைக்குத் தீங்கு என்றதும் அச்சம் நம் கண்களை மறைத்துவிடுகிறது. 2018 மே மாதத்தில், அத்திப்பட்டுக்கு வடக்கே பழவேற்காட்டில், குழந்தை கடத்துபவன் என எண்ணி ஒரு மனிதரைக் கூட்டம் அடித்தே கொன்றது. கைப்பேசி வழியே பரவிய வதந்திகளே அதற்குக் காரணம். அனல் மின் நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த அத்திப்பட்டில் பல மாநிலத்தாரும் பிழைப்புத் தேடி வந்து வாழ்கின்றனர். மொழி தெரியாதவன் என்பதற்காக ஒருவனை ஐயுறுவது நீதியாகுமா?

ஆபத்து பெரும்பாலும் அயலான் உருவில் வருவதில்லை. 2007இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களுக்கு அறிமுகமானோர், அல்லது அவர்களின் நம்பிக்கைக்கு உரிய பொறுப்பில் இருந்தோர். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை. ஆகவே உறவினர், ஆசிரியர், ஆலயப் பணியாளர் என எவரையும் பற்றிக் குழந்தை அச்சமின்றிப் பேசும் இல்லமே பாதுகாப்பான இல்லம்.

குழந்தையைக் காணவில்லை எனில் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. காணாமற்போன குழந்தை பற்றிய புகார் வந்தவுடன் வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவல் நிலையத்தை நாடுவதோடு, 1098, 112 ஆகிய எண்களையும் அழைக்கலாம். தந்தை ஆலையில் இரவுப் பணியிலும், தாய் வேறோரிடத்திலும் இருக்கும் குடும்பங்களில் இவ்வெண்களைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

படத்தின் உயிர்நாடி இதற்குப் பின்னரே துடிக்கிறது. பழிவாங்கத் துடிக்கும் ஈசுவரனிடம், இப்போது உன் தேவை யாருக்கு என்று உணர்த்துகிறாள் சக்தி. அவன் கோபம் அவனுக்கு ஆறுதல் தரலாம். குழந்தைக்கு என்ன தரும்? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இந்தப் பரிவையே காட்டுகிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பெறவேண்டும். இரவில் அதனைக் காவல் நிலையத்தில் வைத்தலாகாது. செய்தி ஏடுகள் அதன் பெயரை வெளியிடலாகாது.

சட்டம் காக்கும் இந்த மறைவை அக்கம்பக்கத்தாரும் காக்க வேண்டாமா? திரும்பி வந்த பிள்ளையை ‘அந்தப் பெண்’ என்று சுட்டாமலும், துருவிக் கேளாமலும், பழையபடி நம் பிள்ளைகளோடு விளையாட விடுவோம். குற்றவாளியைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் கடமை. அக்குழந்தையின் சிரிப்பை மீட்டுத் தருவது நம் அனைவரின் கடமை.