முத்துச் சல்லடையும் படத் திருத்தமும்

புகைப்படத்தைத் திருத்தும் கருவிகள் இன்று ஏறக்குறைய எல்லாருடைய கையிலும் உள. மங்கலான படத்தைத் துலக்குவதும், மங்கிய நிறத்தை மீட்பதும் ஒரு விரலசைவில் முடிந்துவிடுகின்றன. ஆயினும், அவ்விரலசைவின் பின்னே நிகழும் பெருங்கணக்கு எவ்வாறு சிறுசிறு வேலைகளாகப் பகுக்கப்பெற்றுள்ளது, அவ்வேலைகள் எம்முறையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பெற்றுள்ளன என்று ஆராய்வோர் சிலரே. யாவரும் மூலத்தைப் பார்த்துப் படித்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களில் இவ்வமைப்பு எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்பதை எளிய முறையில் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இப்பொருள் கணிதம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடிக் கடலோரத்து மாணாக்கருக்கு இதில் தனிப்பட்ட தொடர்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பார்களும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் நம் நகரை அடுத்த விலாங்குசல்லித் தீவு பின்னர்க் கடலுள் மூழ்கிவிட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியதால் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. இவ்வழிவை அளப்பதற்கு நீருக்கடியில் எடுக்கப்படும் படங்கள் முக்கியமான சான்றுகள். ஒரு பவளத்திட்டு மெய்யாகவே வெளுத்ததா, அன்றிப் படத்தைத் திருத்தியவர் ஒளியை மிகுத்ததனால் வெண்மையாகத் தோன்றுகிறதா என்ற ஐயம் எழுமாயின், அதனைத் தீர்க்கும் வழி திருத்த முறையின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும்.

படமும் எண்ணும்

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணையே. அகலத்தில் 6000 புள்ளிகளும் உயரத்தில் 4000 புள்ளிகளும் கொண்ட படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளியளவுகள் உளவாகலின், மொத்தம் 7 கோடியே 20 இலட்சம் எண்கள். படத்தைத் திருத்துதலாவது இவ்வெண்களை ஏதேனும் ஒரு விதிப்படி மாற்றுதலேயன்றி வேறன்று.

பழைய மென்பொருள்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் ஒரு முழு எண்ணாக இருந்தது. ஒவ்வொரு திருத்தமும் பழைய எண்ணை அழித்து அதன் இடத்தில் புதிய எண்ணை எழுதியது. இதன் கேட்டை ஒரு சிறு கணக்கால் உணரலாம். படத்தை நான்கில் ஒரு பங்காக இருளச் செய்தால் 256 படிகள் 64 படிகளாகச் சுருங்கும். பிறகு மனம் மாறி நான்கு மடங்கு ஒளியூட்டினால் படம் பழைய வெளிச்சத்தை அடையும். ஆனால் படிகள் 64 தாம். இடையில் இருந்த நுட்பமான நிறபேதங்கள் மீளா. இவ்வாறு பத்துத் திருத்தங்கள் நிகழ்ந்தபின், எது காமிரா கண்டது, எது நம் கை செய்தது என்று பிரித்தறிதல் எவராலும் இயலாது.

ஒரு மென்பொருளின் வரலாறு

இக்குறையை உணர்ந்து திருத்திக்கொண்ட மென்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘கிம்ப்’ என்பது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கலாசாலையில் மாணாக்கராயிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்னும் இருவர் 1995இல் இதனைத் தொடங்கினர். 1996இல் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். திரைப்படத் தொழிலில் ஈடுபட்டோர்க்கு 256 படிகள் போதவில்லை. ஆகவே ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’ என்னும் திரைப்பட நிலையத்தைச் சேர்ந்தோர் 2000ஆம் ஆண்டளவில், படத்தொழிலை முற்றிலும் புதிய அடிப்படையில் நடத்தும் ஒரு நூலகத்தை வகுத்தனர். ஜி.இ.ஜி.எல். என்பது அதன் பெயர். பின்னர் நார்வே நாட்டினரான ஓய்விந் கோலோஸ் முதலியோர் அதனை வளர்த்தனர்.

2008இல் வெளிவந்த கிம்ப் 2.6 பதிப்பில் அந்நூலகம் முதன்முதலாக இடம்பெற்றது. 2018இல் வந்த 2.10 பதிப்பில் ஏறக்குறைய வேலை முழுவதும் அதன்வழியே நடக்கலாயிற்று. 32 பிட் தசம எண்களும் வழக்குக்கு வந்தன. 2025இல் வந்த 3.0 பதிப்பிலோ, வடிகட்டிகளைப் படத்தோடு ஒன்றாக்கிவிடாமல், எப்பொழுது வேண்டுமாயினும் மாற்றத்தக்கவையாக வைத்திருக்கும் வசதி கிட்டியது. குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தை, குடியிருப்போரை வெளியேற்றாமலே மாற்றுவதற்கு இத்தனை ஆண்டுகள் சென்றன. முதலிலேயே வேலைகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து அமைக்காவிடின் பின்னர் நேரும் பிரயாசை எத்தகையது என்பதற்கு இஃதொரு பாடம்.

சல்லடை கற்பிக்கும் முறை

கூறுகளாகப் பிரித்தல் என்றால் என்ன? நம் கடற்கரையின் பழைய தொழிலே இதனைத் தெளிவாக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில், கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளின் வரிசை ஒன்றால் தரம் பிரித்தனர். அச்சல்லடைகளுக்கு 20, 30, 50, 80, 100 எனத் தொடங்கி 1000 வரையில் எண்கள் வழங்கின. அவை துளைகளின் தொகையைக் குறிப்பன. தொகை ஏற ஏறத் துளையின் வாய் சிறுக்கும். பெருந்துளைச் சல்லடையில் தங்கியவை பெருமுத்து. அதனின்று விழுந்தவை அடுத்த சல்லடைக்குச் செல்லும். எல்லாவற்றையும் கடந்து வீழ்ந்தவை தூள் எனப்பட்டன.

இவ்வரிசையில் மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, ஒவ்வொரு சல்லடையும் ஒரே வேலையைச் செய்கிறது. அது பருமனை மட்டும் அறியும். ஒளியையும் உருட்சியையும் அறியாது. அவை கண்ணால் தேர்வோரின் வேலை. இரண்டாவது, ஒரு சல்லடை தன் முன்னவரையும் பின்னவரையும் பற்றிக் கவலை கொள்வதில்லை. முத்து மேலிருந்து வரும், கீழே செல்லும் என்பதே அதற்குப் போதும். ஒரு சல்லடை பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம். மூன்றாவது, வரிசை பிறழலாகாது. 1000 துளைச் சல்லடையை முதலில் வைத்தால், தூள் ஒழிந்த அனைத்தும் அதன்மேலேயே குவிந்து கிடக்கும்.

நல்ல படத்திருத்த அமைப்பும் இத்தகையதே. ஒளியைக் கூட்டுதல் ஒரு கூறு; வேண்டாத பொட்டுகளை நீக்குதல் மற்றொன்று; விளிம்புகளைக் கூர்மையாக்குதல் வேறொன்று. ஒவ்வொரு கூறும் உள்ளே வரும் படம், வெளியே செல்லும் படம், தன் அளவைகள் என்ற மூன்றை மட்டும் அறியும். இவ்வொப்பந்தத்துக்கு உட்பட்டு எழுதப்பட்ட எந்தக் கூறும், எவர் எழுதியதாயினும், வரிசையில் சேரலாம்.

ஒப்பந்தத்தின் உறுப்புகள்

இவ்வொப்பந்தம் செவ்வையாக நடைபெறச் சில விதிகள் இன்றியமையாதன.

முதற்கண், எண்களின் வடிவம். ஒரு கூறு முழு எண்களை வேண்டும். மற்றொன்று தசம எண்களை வேண்டும். ஒவ்வொரு கூறும் எல்லா வடிவங்களையும் அறிந்திருக்க வேண்டுமாயின் வேலை பெருகும். ஆதலின், ‘எனக்கு இன்ன வடிவம் வேண்டும்’ என்று கூறு அறிவித்தால் போதும். மாற்றித் தரும் பொறுப்பை வேறொரு நூலகம் ஏற்கும். ஜி.இ.ஜி.எல்.லுக்கு அப்பணியைச் செய்வது ‘பாபிள்’ என்னும் துணை நூலகம். அது பல மொழி பேசுவோரிடையே நிற்கும் துபாஷியைப் போன்றது.

இரண்டாவது, தேவையான பரப்பு. திரையில் 100 புள்ளி அகலமும் 100 புள்ளி உயரமுமான ஒரு பகுதியே தெரிகிறது என்க. முழுப்படத்தையும் கணக்கிடுவது வீண். ஆனால் சுற்றிலும் 5 புள்ளி தூரம் கலந்து மங்கலாக்கும் கூறு ஒன்று இடையில் இருந்தால், அதற்கு 110க்கு 110 என்ற பரப்பு வேண்டும். ஆகவே கேள்வி கடைசிக் கூற்றிலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. ஒவ்வொன்றும் ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று முன்னதைக் கேட்கும். மூலத்தை அடைந்தபின் கணக்கு முன்னோக்கி நடக்கும். தேவையின்றி எதுவும் கணக்கிடப்படுவதில்லை. மேற்கூறிய 2 கோடியே 40 இலட்சம் புள்ளிப் படத்தை, புள்ளிக்கு நான்கு 32 பிட் தசம எண்களாக வைத்தால், ஒரு படிக்கே 38 கோடியே 40 இலட்சம் பைட்டுகள் வேண்டும். பத்துக் கூறுகளின் விளைவுகளை முழுமையாகச் சேமிப்பது எத்துணைச் சுமை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, நினைவு. பத்துக் கூறுகளில் ஒன்பதாவதன் அளவையை மட்டும் மாற்றினால், எட்டாவதன் விளைவைச் சேமித்து வைத்திருக்கும் அமைப்பு கடைசி இரண்டை மட்டும் மீண்டும் கணக்கிட்டால் போதும்.

நான்காவது, கிளை. சில வேலைகள் ஒற்றை வரிசையில் அடங்கா. விளிம்பைக் கூர்மையாக்கும் பழைய முறையொன்றில், படம் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று மங்கலாக்கப்படுகிறது, மூலத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வேற்றுமை கண்டறியப்பட்டு மூலத்தோடு கூட்டப்படுகிறது. பிரிந்த கிளைகள் மீண்டும் சேர வேண்டுதலின், ஜி.இ.ஜி.எல். வரிசையைச் சங்கிலியாக அன்றி வலையாக அமைத்தது. அவ்வலையில் சுழன்று திரும்பும் பாதை மட்டும் விலக்கப்பட்டது. இல்லையேல் கணக்கு முடிவே பெறாது.

வரிசையின் அருமை

வரிசை பிறழலாகாது என்றோம். நம் உப்பளங்கள் இதற்கு நல்ல சான்று. கடல்நீர் பாத்திக்குப் பாத்தி நகர்ந்து செறிவேறுகிறது. முன்பாத்திகளில் சுண்ணமும் ஜிப்ஸமும் படிகின்றன. ஏறக்குறைய 25 பாகை அடர்த்தி வந்தபின்னரே உப்பு விளையும் பாத்திக்கு நீர் விடப்படுகிறது. கசப்பான மக்னீசிய உப்புகள் படியுமுன் எஞ்சிய நீர் வடிக்கப்படுகிறது. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் செய்தால் வெள்ளுப்பு கிட்டாது.

படத்திலும் அங்ஙனமே. வேண்டாத பொட்டுகளை நீக்குமுன் கூர்மையாக்கினால், பொட்டுகளே கூர்மையடைந்து படத்தின் உறுப்புகளைப் போலாகும். மற்றொன்று, இதனினும் நுட்பமானது. திரைக்குரிய எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. கண்ணின் இயல்புக்கேற்ப வளைக்கப்பட்டவை. கருமையாகிய 0, வெண்மையாகிய 255 என்ற இரண்டையும் சமமாகக் கலந்து 128 என்று எழுதினால், அது பாதி ஒளியன்று. ஏறக்குறைய 22 சதவீத ஒளியே. மெய்யான பாதி ஒளிக்கு 188 என்று எழுத வேண்டும். ஆகவே ஒளியைக் கூட்டல், கலத்தல் முதலிய கூறுகள் எண்களை வளைக்குமுன் நிகழ வேண்டும். வளைக்கும் கூறு இறுதியில் நிற்க வேண்டும்.

2009இல் யோஹன்னஸ் ஹானிகா தொடங்கிய ‘டார்க்டேபிள்’ என்னும் கட்டற்ற மென்பொருள், காமிராவின் மூலக்கோப்பைத் திருத்துவதற்கென்றே ஆனது. அதன் கூறுகளுக்கு ஆக்கியோர் தக்க வரிசை ஒன்றை வகுத்தனர். நெடுங்காலம் அவ்வரிசை மாற்றவொண்ணாததாக இருந்தது. 2019இன் இறுதியில் வந்த 3.0 பதிப்பில் பயனர் தாமே மாற்ற இடமளிக்கப்பட்டது. அறிந்தோர்க்குச் சுதந்திரமும், அறியாதோர்க்குப் பாதுகாவலும் ஒருங்கே கிட்டுமாறு, நல்ல வரிசையை இயல்பாக வைத்து மாற்றத்துக்கும் வழிவிடுதலே சிறந்த முறை என்பது இதனால் பெறப்படும்.

மூலமும் சான்றும்

இவ்வமைப்பின் தலையாய பயன் யாதெனின், மூலப்படம் தீண்டப்படாமல் இருத்தலாம். டார்க்டேபிள் மூலக்கோப்பில் ஓர் எண்ணையும் மாற்றுவதில்லை. எந்தெந்தக் கூறுகள், என்னென்ன அளவைகளுடன் என்ற பட்டியலை மட்டும் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. ஒவ்வொரு கூற்றின் அளவைகளுக்கும் பதிப்பெண் உண்டு. கூறு பின்னாளில் புதுக்கப்பட்டாலும், பழைய அளவைகளை உணர்ந்து பழைய விளைவையே தருதற்கு இதனால் வழி ஏற்படுகிறது.

இனி, பவளப்பாரின் படத்தை எண்ணிப் பாருங்கள். நீர் முதலில் விழுங்குவது சிவப்பொளியை. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் மங்கி, யாவும் நீலமும் பச்சையுமாகத் தோன்றும். ஆராய்ச்சியாளர் சிவப்பை உயர்த்தியே தீர வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதே வினா. படத்துள் ஒரு வெண்பலகையை வைத்து எடுத்திருந்தால், அது வெண்மையாகத் தோன்றும் அளவுக்கு உயர்த்தலாம். மூலமும் திருத்தப் பட்டியலும் உடனிருந்தால், ஐயுறும் எவரும் ஒவ்வொரு கூறாக நிறுத்திப் பார்த்து, வெண்மை பவளத்தினுடையதா திருத்தத்தினுடையதா என்று தாமே தேரலாம். திருத்தியவரின் சொல்லை நம்ப வேண்டுவதில்லை. மென்பொருளின் மூலமும் திறந்திருத்தலால், ‘ஒளி கூட்டல்’ என்ற பெயருடைய கூறு மெய்யாக என்ன செய்கிறது என்பதையும் வரிவரியாகப் படித்தறியலாம்.

கூறுகளாகப் பிரித்தலில் குறைகளும் உள. வடிவ மாற்றங்களால் காலம் செலவாகும். கூறுகள் பெருகினால் பழகாதவர் திகைப்பர். ஆயினும், பெரிய மென்பொருள் முழுவதையும் அறியாத ஒரு மாணாக்கரும், ஒரு கூற்றை மட்டும் எழுதி உலகுக்கு உதவக்கூடும் என்பது பெரிதன்றோ! நீருக்கடியில் இழந்த சிவப்பை ஆழத்துக்கேற்ப மீட்கும் கூறு ஒன்றினை, கடலறிந்த இவ்வூர் மாணாக்கர் எழுத முயல்வதினும் பொருத்தமானது யாது? கணிதம் பயில்வோரும் விலங்கியல் பயில்வோரும் ஒருங்கு கூடி அதில் முயல்வாராக. அங்ஙனம் ஆக்கிய கூற்றை, அதன் அளவைகளோடும் மூலப்படங்களோடும் கலாசாலையிலே காத்துவைத்தால், இன்று நம் பார்களில் உயிருடன் நிற்பது எது, அழிந்தது எது என்பதைப் பின்வரும் மாணாக்கர் நம்மைக் கேளாமலே சோதித்தறிவர்.