மழைக்காலத்துக்கு எந்த டயர்?

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் நிற்கும் ஒரு காரின் அருகே சென்று, குனிந்து, அதன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். கறுப்பு ரப்பரில் புடைத்த எழுத்துகளாக 205/55 ஆர் 16 என்பதுபோல் ஓர் எண்வரிசை இருக்கும். இந்தச் சிறிய எண்வரிசையில் எட்டாம் வகுப்புக் கணக்கும் பத்தாம் வகுப்பு இயற்பியலும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரியாததால் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒரு மழைக்காலத்தில் நன்றாக அவதிப்பட்டார்.

நாங்கள் குடியிருப்பது தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில். அவர் வாங்கியது பழைய கார்தான். ஆனால் சக்தி மிகுந்த எஞ்சின் கொண்ட செடான். முன்பு அதை வைத்திருந்தவர் அழகுக்காக 18 அங்குல அலாய் வீல்களும் 225/40 அளவு டயர்களும் மாட்டியிருந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஐப்பசியில் பெய்த முதல் பெருமழையில், தண்ணீர் மூடிக் கிடந்த ஒரு பள்ளத்தில் கார் இறங்கியது. ஒரு ரிம் நெளிந்தது. டயரின் பக்கச் சுவர் முட்டைபோல் புடைத்துக்கொண்டது. காரில் இருந்தவர் அவருடைய வயதான தாயார். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக அவரைத் தாம்பரம்–மதுரவாயல் புறவழிச்சாலை வழியே போரூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மழை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

"சார், மான்ட்ரியாலில் இருக்கும் என் தம்பி, குளிர்காலம் வந்தால் டயரை மட்டுமல்ல, வீலையே மாற்றிவிடுகிறான். பெரிய வீலைக் கழற்றிவிட்டுச் சின்ன வீல் போடுகிறானாம். நாமும் அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவதற்கு முன், அந்த எண்களைப் படித்துவிடுவோம்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். டயருக்குள் இருக்கும் இழைகள் ஆரம்போல் விளிம்புக்கு விளிம்பு குறுக்கே செல்கின்றன என்று பொருள். 16 என்பது ரிம்மின் விட்டம். இது மட்டும் ஏனோ அங்குலத்தில்! பழைய பழக்கம், யாரும் மாற்றவில்லை.

இப்போது முழுச் சக்கரத்தின் விட்டத்தைக் கணக்கிடலாம். 205இல் 55 சதவீதம் 112.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், எனவே 225.5 மி.மீ. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. கூட்டினால் 631.9 மி.மீ. இதே முறையில் 225/45 ஆர் 17 அளவுக்குப் போட்டுப் பாருங்கள்: 634.3 வரும். 225/40 ஆர் 18 அளவுக்கு 637.2. ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தும் முழுச் சக்கரம் ஐந்து மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது. ரிம் பெருகப் பெருக ரப்பர்ச் சுவர் குட்டையாகிறது, அவ்வளவுதான்.

விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது ஏன்? சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணித்தான் வேகமானி வேகத்தைக் காட்டுகிறது. 16 அங்குல ரிம்மில் யாராவது 225/55 டயரை மாட்டினால் விட்டம் 653.9 மி.மீ. ஆகிவிடும். மூன்றரை சதவீதம் அதிகம். வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் 103க்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, தம்பி செய்வதை நாமும் செய்யலாமா? கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம், அது சட்டம். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாது; பிடிப்புக் குறையும். குளிரிலும் மென்மையாக இருக்கும் ரப்பர்க் கலவையில் செய்வதுதான் குளிர்கால டயர். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் அதன் அடையாளக் குறி. நம் தாம்பரத்தில் மார்கழி, தை மாத அதிகாலையில் கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே அந்த மென்மையான ரப்பர் சூட்டில் குழைந்து வேகமாகத் தேயும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். ஆகவே தம்பியின் டயர் நமக்கு வேண்டாம். ஆனால் அவர் தேர்ந்தெடுக்கும் அளவு இருக்கிறதே, அதில் விஷயம் இருக்கிறது.

நமக்குப் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளே மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. கார் வீட்டில் நிற்க வேண்டியதுதான். நாம் பேசுவது சாதாரண மழை நாளைப் பற்றி; சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் படிந்து நிற்கும் நாளைப் பற்றி.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. தரையைத் தொடும் ரப்பரின் அகலம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு முன் சக்கரமும் நொடிக்குப் பதினோரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வழியிலிருந்து அகற்ற வேண்டும். நொடிக்கு ஒரு வாளி! டயரில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள், ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று சொல்கிறார்களே, அவை இந்தத் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்கள்.

வாய்க்கால் தேய்ந்துபோனால் அல்லது வேகம் மிகுந்தால் தண்ணீருக்கு விலக நேரம் கிடைப்பதில்லை. அது டயருக்கு முன்னால் ஆப்புபோல் திரண்டு, அடியில் நுழைந்து, டயரைத் தூக்கிவிடுகிறது. அப்போது கார் தண்ணீரின்மேல் சறுக்குகிறது. ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. விமானங்கள் ஓடுபாதையில் இப்படிச் சறுக்கியதைத்தான் விஞ்ஞானிகள் ஊன்றி ஆராய்ந்தார்கள். நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்னும் ராபர்ட் டிரெஹரும் 1963இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், சறுக்கல் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. காற்று 33 இருந்தால் சுமார் 95 கி.மீ. வேகத்தில் டயர் மிதக்கும். கவனிக்காமல் 25க்கு இறங்கவிட்டால் 83 கி.மீ. வேகத்திலேயே மிதந்துவிடும். வழவழப்பாகத் தேய்ந்த டயருக்கும், பள்ளங்கள் கொள்ளாத அளவு நின்ற தண்ணீருக்கும் பொருந்தும் கணக்கு இது.

இந்த விதியில் அகலம் வரவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்! தரையைத் தொடும் பரப்பின் வடிவமும் முக்கியம் என்று பின்னாளில் ஹோர்னே எடுத்துக்காட்டினார். எப்படி என்று பாருங்கள். ஒரு டயர்மேல் 325 கி.கி. எடை, காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.3 கி.கி. வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 141 சதுர செ.மீ. டயர் அகலமானாலும் குறுகலானாலும், எடையும் காற்றும் மாறாதவரை, இந்தப் பரப்பு அதிகம் மாறுவதில்லை. மாறுவது வடிவம். 16 செ.மீ. அகலமாகத் தொட்டால் நீளம் 8.8 செ.மீ.; 18 செ.மீ. அகலமாகத் தொட்டால் நீளம் 7.8 செ.மீ.தான். அகன்ற டயர் அதிகத் தண்ணீரை, குறைந்த நேரத்தில் தள்ள வேண்டியிருக்கிறது. மூக்கு கூரான படகு நீரைக் கிழித்துப் போவதையும், தட்டையான பலகை நீர்மேல் ஏறிக்கொள்வதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சாலையில் வளைவில் திரும்பும்போது அகன்ற டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் வேகக் கார்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். டயாலிசிஸுக்குப் போகிற காருக்கு அந்தப் பிடிப்பு எதற்கு என்பது என் கட்சி.

அடுத்தது பக்கச் சுவர். 225/40 டயரில் அது 90 மி.மீ. உயரம், 205/55இல் 113 மி.மீ. பள்ளத்தில் விழும்போது அந்தச் சுவர்தான் அமுங்கி அடியைத் தாங்குகிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மழைக்குப் பிறகு போய் வந்தவர்களுக்கு 23 மி.மீ. ரப்பரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இன்னும் சிறிதாக, 195/65 ஆர் 15 போடலாமே? விட்டமும் 634.5 மி.மீ.; கணக்குப் பொருந்துகிறது. ஆனால் இங்கே வேகக் காரின் பிரேக் குறுக்கே நிற்கிறது. அவருடைய காரின் முன் பிரேக் தட்டு 312 மி.மீ. விட்டம், அதன் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 15 அங்குல ரிம்முக்குள் அது அடங்காது. 16 அங்குலத்திலும் எல்லா ரிம்களும் சேரா. போல்ட் துளைகளின் இடைவெளியும், ரிம் உள்ளே தள்ளி அமையும் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், தயாரிப்பாளரே அனுமதித்த அளவுகளும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அவர் காரில் 225/45 ஆர் 17, 205/55 ஆர் 16 என்று இரண்டு அளவுகள் இருந்தன. கடைக்காரர் 18 அங்குலத்தையே மீண்டும் விற்கப் பார்த்தாராம். இவர் ஒட்டுத்தாளைக் காட்டி 16ஐ வாங்கிக்கொண்டார். கூடவே 91 வி என்ற குறியையும் பார்த்து வாங்கினார்: 91 என்றால் ஒரு டயர் 615 கி.கி. தாங்கும், வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை தாளும். பின்னது போரூர் சாலைக்குத் தேவைப்படாது. ஆனால் அந்தக் காருக்குக் குறிக்கப்பட்ட தரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு காரின் டயர்ப் பள்ளத்தில் உங்கள் அளவுகோலின் முனையை நுழைத்து ஆழத்தை அளந்து குறியுங்கள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான்! புதிய டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது. 3 மி.மீ.க்கு வந்ததுமே, ஐப்பசி பிறக்குமுன் மாற்றிவிடச் சொல்லுங்கள். அளந்து முடித்ததும் டிக்கியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னியையும் பாருங்கள். அதன் அளவு மற்ற நான்கோடு ஒத்திருக்கிறதா? எங்கள் அடுத்த வீட்டுக்காரர் காரில், அது மட்டும் இன்னும் மாறவில்லை.