பாப் பாடகரைப் பற்றிக் கல்லூரியில் பாடமா? கேலிக்கு முன் ஒரு வழக்கு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2025ஆம் ஆண்டு பாடகி பியான்சேவை மையமாகக் கொண்ட ஒரு பாடம் நடத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஹார்வர்டில் டெய்லர் ஸ்விஃப்ட் குறித்த பாடத்தில் ஏறத்தாழ 200 மாணவர்கள் சேர்ந்தனர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்கெல்லாம் ஒரு படிப்பா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் பாடத்தின் தலைப்போடு நின்றுவிடுகின்றனர். யேலில் அப்பாடத்தை வகுத்த டாஃப்னி புரூக்ஸ், ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் துறைப் பேராசிரியர். பியான்சேவின் இசைத்தொகுப்புகள் வழியாக, பிரெடரிக் டக்ளஸ் முதல் டோனி மோரிசன் வரையிலான கறுப்பினச் சிந்தனை மரபுக்குள் மாணவர்களை அழைத்துச் செல்வதே அவருடைய நோக்கம். இதில் பாடகி வாசல் மட்டுமே.

ஆங்கில இலக்கியமும் ஒரு காலத்தில் இதே கேலியைச் சந்தித்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1894இல்தான் வந்தது. கிரேக்கமும் லத்தீனுமே கல்வி என்றிருந்தவர்கள், தாய்மொழிக் கதை கவிதைகளைப் படிக்க ஆசிரியர் எதற்கு என்று கேட்டனர். (அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தியக் கல்லூரிகளில் அதே இலக்கியத்தை உயர்ந்த கல்வியாக நமக்குப் புகட்டியது காலனி அரசு என்பது வேறு கதை.)

கறுப்பினப் பண்பாட்டைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகம் தானாக வாசலைத் திறக்கவில்லை. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் தொடங்கிய வேலைநிறுத்தம், காவல்துறையின் தடியடிகளையும் கைதுகளையும் தாங்கி ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்தது. அதன் விளைவாகவே இன ஆய்வுகளுக்கான தனிப் புலம் 1969இல் அங்கு உருவானது. பின்னாளில் ஹிப்-ஹாப் வகுப்பறைக்குள் நுழைந்ததையும் 2002இல் ஹார்வர்டில் அதற்கென ஆவணக் காப்பகம் அமைந்ததையும் இந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

அதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, வழக்கறிஞர் என்ற முறையில் நான் காட்டுவது ஸ்கின்னர் வழக்கை. நியூ ஜெர்சியில் கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞரின் ராப் வரிகள் பதின்மூன்று பக்க அளவுக்கு ஜூரர்கள் முன் வாசிக்கப்பட்டன. அவற்றில் பல, சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டவை. அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. குற்றத்தோடு நேரடியான வலுவான தொடர்பு இல்லாத கலைப்படைப்பைச் சான்றாகக் கொள்ளலாகாது என்றது. ஷெரிஃபைச் சுட்டதாகப் பாடியதால் பாப் மார்லி கொலைகாரர் ஆகிவிடுவாரா என்ற பொருளிலும் நீதிமன்றம் கேட்டது.

ராப் பாடலில் ‘நான்’ என்பது பாடுபவரே அல்ல. வீம்பும் மிகையும் அக்கலையின் இலக்கணம். இதை நீதிமன்றங்களில் நிபுணர் சாட்சியாக விளக்குபவர்களில் ஒருவர் எரிக் நீல்சன் என்ற பேராசிரியர். சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியா டென்னிஸுடன் சேர்ந்து, இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளைத் திரட்டி 2019இல் நூலாக வெளியிட்டார். 2022இல் கலிஃபோர்னியா, கலைப்படைப்பைக் குற்றவியல் வழக்குகளில் சான்றாகப் பயன்படுத்துவதற்குச் சட்டம் இயற்றிக் கட்டுப்பாடு விதித்தது.

இதனால் எல்லாப் பாடங்களும் ஒரே தரத்தவை ஆகிவிடுவதில்லை. நட்சத்திரப் பெயரை வைத்து இருக்கைகளை நிரப்பும் வணிகமும் இதில் உண்டு. வாசிப்புப் பட்டியலில் என்ன இருக்கிறது, தேர்வில் என்ன கேட்கப்படுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

பாட்டைக் குற்றமாக வாசிக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் 2015இல் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். புனேயின் கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் 2020இல் பீமா கோரேகான் வழக்கில் கைதாயினர். அவர்களுள் ஒருவரான ஜோதி ஜக்தாப்பின் பிணை மனுவை 2022 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்போது, எல்கார் பரிஷத் மேடையில் அக்குழு நிகழ்த்திய நாடகத்தின் சொற்களை எடுத்துக்காட்டி, அவை வெறுப்பைத் தூண்டுபவை என்றும் கருதியது. ஆட்சியாளரை நையாண்டி செய்வது, சத்யசோதக் ஜல்சா முதல் அம்பேத்கரிய ஜல்சா வரை மராட்டிய மண்ணில் நெடுங்காலமாக வாழும் ஒரு கலைவடிவத்தின் இயல்பு.

பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39ஆம் பிரிவு, அறிவியல், கலை மட்டுமின்றி ‘வேறு எத்துறையிலும்’ நிபுணர் கருத்தை ஏற்கிறது. ஆகவே ஜல்சா ஆய்வாளரோ கானா ஆய்வாளரோ சாட்சிக் கூண்டில் ஏறச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் ஊபா வழக்கில் இது விசாரணைக் கட்டத்தில்தான் பயன்படும். விசாரணையோ பல ஆண்டுகள் தள்ளிப்போகிறது. பிணைக் கட்டத்தில், 43டி(5) பிரிவின்படி, அரசுத் தரப்பின் ஆவணங்களை மட்டுமே நீதிமன்றம் பார்க்கிறது. எதிர்த்தரப்பின் நிபுணருக்கு அங்கே இடமில்லை. அந்தக் கட்டத்தில் பாட்டையும் நாடகத்தையும் வாசித்துப் பொருள் கொள்பவர் நீதிபதி மட்டுமே. தம் சட்டக் கல்லூரி நாட்களில் ஒரு ஜல்சாவையோ கானாவையோ பாடமாக அவர் படித்திருப்பாரா?