எடுரோம்: பல்கலைக்கழக வளாகங்களின் கம்பியில்லா வலையமைப்பு

எடுரோம் என்பது உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் தம் சொந்த நிறுவனம் வழங்கிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே பிற வளாகங்களிலும் வைஃபை இணைப்பைப் பெற உதவும் ஏற்பாடு ஆகும். கல்வி, உலாவுதல் எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து இப்பெயர் உருவானது. 100க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் இது இயங்குகிறது. இந்தியாவில் எர்நெட் இந்தியாவும், இலங்கையில் லேர்ன் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பும் இதனை ஒருங்கிணைக்கின்றன.

வளாக வைஃபை ஏன் வேறுபடுகிறது

வீட்டில் ஒரே கடவுச்சொல்லை எல்லாரும் பயன்படுத்துகிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது போதும். பத்தாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் அதே முறையைக் கையாண்டால், படிப்பு முடிந்து வெளியேறியவருக்கும் கடவுச்சொல் தெரிந்திருக்கும். அவரை மட்டும் தடுக்க வழியில்லை. மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். இன்னொரு குறை பலருக்கும் தெரியாதது. டபிள்யூபிஏ2 முறையில் பொதுக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், பக்கத்தில் இருப்பவரின் கருவி வலையமைப்பில் இணையும் தருணத்து வானொலிப் பரிமாற்றத்தையும் பிடித்துவிட்டால், அதன்பின் அந்தக் கருவி அனுப்பும் தரவுகளின் வைஃபை மறையாக்கத்தை அவிழ்க்க முடியும். பூட்டு ஒன்று, சாவி எல்லார் கையிலும் என்ற நிலைதான் இது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி வேண்டும். 802.1எக்ஸ் என்னும் செந்தரம் இதற்கு வழி செய்தது. இதில் அணுகுபுள்ளி (கூரையிலோ சுவரிலோ பொருத்தப்பட்டுள்ள வைஃபை பெட்டி) தானாக யாரையும் உள்ளே விடுவதில்லை. இணைய வருபவரின் விவரத்தை ரேடியஸ் எனப்படும் சரிபார்ப்பு வழங்கிக்கு அனுப்பி, அது ஒப்புதல் தந்த பிறகே கதவைத் திறக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி மறையாக்கச் சாவி உருவாகிறது. ஒருவரின் கணக்கை மூடினால் அவருக்கு மட்டும் கதவு அடைபடும்.

வரலாறு

பல்கலைக்கழகங்களுக்கும் கம்பியில்லாத் தொடர்புக்கும் உள்ள உறவு வைஃபையைவிடப் பழையது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹாநெட் என்னும் வானொலிக் கணினி வலையமைப்பை இயக்கினர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், அலெக்ஸ் ஹில்ஸ் தலைமையில் 1993இல் வயர்லெஸ் ஆண்ட்ரூ என்ற வளாக வலையமைப்பைத் தொடங்கியது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 செந்தரம் 1997இல்தான் வெளியானது.

எடுரோமின் தொடக்கம் நெதர்லாந்தில். அந்நாட்டுக் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா 2002இல் இக்கருத்தை முன்வைத்தார். நெதர்லாந்து, பின்லாந்து, போர்ச்சுகல், குரோவேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் நிறுவனங்களுக்கு இடையே முதற்சோதனை நடந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் சேர்ந்த நாடு ஆஸ்திரேலியா (2004).

இயங்கும் முறை

பயனர் பெயர் மின்னஞ்சல் முகவரியைப் போல இருக்கும். @ குறிக்குப் பின் வரும் பகுதி அவருடைய நிறுவனத்தைக் காட்டுகிறது. சென்னையில் படிக்கும் மாணவி ஒருவர் மாநாட்டுக்காக ஹெல்சிங்கி செல்கிறார் என்று கொள்வோம். அங்குள்ள வழங்கி @ குறிக்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் படிக்கிறது. தம் நிறுவனம் இல்லை என்றதும் கோரிக்கையைப் பின்லாந்தின் தேசிய வழங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து உலக நிலையிலுள்ள வழங்கிகள் வழியாக இந்தியாவின் தேசிய வழங்கிக்கும், கடைசியாக மாணவியின் பல்கலைக்கழகத்துக்கும் கோரிக்கை வந்து சேர்கிறது. அஞ்சல் நிலையங்கள் பின்கோடு எண்ணைப் பார்த்துக் கடிதத்தைக் கைமாற்றுவது போன்றதே இது. ஒப்புதல் அதே வழியில் சில நொடிகளில் திரும்பிவிடும்.

கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டியிருப்பதுபோல, கடவுச்சொல் மாணவியின் கருவியிலிருந்து அவருடைய பல்கலைக்கழகம் வரை மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதைக்குள் செல்கிறது. ஹெல்சிங்கியில் உள்ளவர்களால் அதைப் படிக்க முடியாது. முறையாக அமைத்தால் பயனர் பெயரையும் மறைத்து, நிறுவனப் பெயரை மட்டும் உறையின் மேல் காட்டலாம்.

போலி வலையமைப்பு

இந்த ஏற்பாட்டின் பலவீனம் பயனரின் கையில்தான் இருக்கிறது. தேர்வுக்கூடத்தில் மாணவரின் நுழைவுச்சீட்டைச் சரிபார்த்து உள்ளே விடுகிறோம். கூடத்தில் நிற்பவர் உண்மையான கண்காணிப்பாளர்தானா என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. வைஃபையில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

வலையமைப்பின் பெயர் எந்தச் சான்றும் ஆகாது. யார் வேண்டுமானாலும் ஒரு சிறு ரவுட்டரை வாங்கி அதற்கு எடுரோம் என்று பெயர் வைக்கலாம். உலகெங்கும் ஒரே பெயர் என்பதே எடுரோமின் வசதி; மோசடிக்காரருக்கும் அதுவே வசதி. பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு கருவி இருந்தால், அவ்வழியே செல்லும் மாணவரின் பையிலுள்ள திறன்பேசி, பழகிய பெயரைக் கண்டு தானாகவே இணைய முயலும். அவர் அதை எடுத்துப் பார்த்திருக்கக்கூட மாட்டார்.

இதைத் தடுப்பது வழங்கியின் சான்றிதழ். சுரங்கப்பாதையின் மறுமுனையில் இருப்பது தன் பல்கலைக்கழகத்தின் வழங்கிதான் என்பதைத் திறன்பேசி அச்சான்றிதழைக் கொண்டு உறுதி செய்த பின்னரே கடவுச்சொல் தொடர்பான எதையும் அனுப்ப வேண்டும். சான்றிதழ் ஏதாவது ஒன்று இருந்தால் போதாது. அதிலுள்ள வழங்கிப் பெயரும் பொருந்த வேண்டும்.

ஆனால் நெடுங்காலம் ஆண்ட்ராய்டு பேசிகளில் "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்னும் பொருளில் ஒரு தெரிவு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் உடனே இணைப்பு கிடைத்துவிடும் என்பதால் பல நிறுவனங்களின் வழிகாட்டிகளே அதைப் பரிந்துரைத்தன. பூட்டைக் கொடுத்துவிட்டு, பூட்டாமல் விடவும் கற்றுக்கொடுத்த கதை இது! 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11 பதிப்புக்கான இற்றைப்படுத்தலில் அத்தெரிவு நீக்கப்பட்டது. பழைய பேசிகளில் இன்னும் இருக்கலாம்.

சரிபார்ப்பு இல்லாதபோது ஏற்படும் இழப்பு, உள்ளே பயன்படும் முறையைப் பொறுத்தது. சில நிறுவனங்களில் கடவுச்சொல் சுரங்கப்பாதைக்குள் அப்படியே அனுப்பப்படுகிறது. மறுமுனையில் போலி வழங்கி இருந்தால் அது நேரடியாகக் கைக்குப் போய்விடும். வேறு பல இடங்களில் உள்ள எம்எஸ்சாப்2 முறையில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதிலிருந்து கணக்கிட்ட விடை மட்டும் செல்கிறது. அதுவும் காப்பாகாது. போலி வழங்கியில் பிடிபட்ட விடையைக் கொண்டு ஒரு நாளுக்குள் உள்நுழைவுச் சாவியை மீட்க முடியும் என்று 2012இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்ட்டன் ஆகியோர் காட்டினர். பல வளாகங்களில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும், தேர்வுப் பதிவுக்கும், மதிப்பெண் பக்கத்துக்கும். போவது வைஃபை மட்டுமன்று.

மேலாண்மைச் சிக்கல்கள்

வேகம் குறைந்தால் அணுகுபுள்ளியின் ஆற்றலைக் கூட்டச் சொல்வது வழக்கம். நெரிசலான இடங்களில் பெரும்பாலும் அது தவறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாதவாறு பயன்படுத்தக்கூடிய தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. 200 பேர் அமரும் விரிவுரைக் கூடத்தில் பல அணுகுபுள்ளிகளைக் குறைந்த ஆற்றலில் இயக்கி, கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குத் திருப்புவதே நல்லது. விடுதி அறையில் மாணவர் தாமாகச் செருகும் ரவுட்டர், தடத்தையும் அடைக்கிறது. சரிபார்ப்பு இல்லாத பின்கதவையும் திறக்கிறது. அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா போன்ற பல கருவிகளுக்கு 802.1எக்ஸ் தெரியாது. அவற்றைத் தனி வலையமைப்பில் பிரித்து வைக்கிறார்கள்.

ரேடியஸ் நெறிமுறையும் பழையது. தொலைபேசிவழி இணைய இணைப்புக் காலத்தில், 1991இல் உருவானது. 2024இல் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற குறைபாடு அதில் வெளிப்பட்டது. எடுரோம் பயன்படுத்தும் சரிபார்ப்பு வகையில் ஒவ்வொரு செய்திக்கும் கூடுதல் முத்திரை கட்டாயம் என்பதால் அது தப்பியது. ஆயினும் வழங்கிகளுக்கு இடையிலான பாதை முழுவதையும் மறையாக்கும் ராட்செக் முறைக்கு மாறுவது பரிந்துரைக்கப்படுகிறது.

பயனர் செய்ய வேண்டியவை

எடுரோமைக் கையால் அமைக்காமல், கேட் என்னும் அமைப்புக் கருவி அல்லது கெட்எடுரோம் செயலி வழியாக அமைப்பதே பாதுகாப்பு. சான்றிதழும் வழங்கிப் பெயரும் அதில் தாமாகவே பதிவாகிவிடும். முன்பு சரிபார்ப்பின்றி இணைத்தவர்கள் அந்த வலையமைப்பைப் பேசியிலிருந்து நீக்கிவிட்டு, செயலி வழியே மீண்டும் அமைத்து, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். ஐபோனில் அறிமுகமில்லாத சான்றிதழைக் காட்டி நம்பலாமா என்று கேட்டால், கணினி மையத்தில் விசாரிக்கும்வரை ஒப்புதல் தரக் கூடாது.

சில பல்கலைக்கழகங்கள் கடவுச்சொல்லையே விட்டுவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் வழங்கும் இஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாறியுள்ளன. பேசி தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும். போலி வலையமைப்பிடம் சிக்கினாலும் திருட அங்கே கடவுச்சொல் இருக்காது.