மோர்ப்பானையும் திருத்தலமும்

திருப்பதியில் வளரும் பிள்ளைகளுக்குத் திருப்பயணிகள் புதியவர்கள் அல்லர். மழித்த தலையும் கையில் லட்டுப் பையுமாகத் திரும்புவோரை அவர்கள் அன்றாடம் காண்கின்றனர். அதே திருப்பதியிலிருந்தும் அண்டையிலுள்ள சித்தூரிலிருந்தும் தெற்கு நோக்கிப் புறப்படும் திருப்பயணிகளும் உண்டு. அவர்களுள் பலர் செல்லுமிடம் வேளாங்கண்ணி.

சித்தூர், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி. 1911-ஆம் ஆண்டு வரை அது வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் மக்களின் போக்குவரத்து நிற்கவில்லை. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம் என நீளும் வழியில் ஓர் இரவு பயணம் செய்தால் வங்கக் கடலோரத்தில் அமைந்த வேளாங்கண்ணியை அடையலாம்.

அங்குள்ள ஆரோக்கிய அன்னை ஆலயம், 1962-ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானால் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கும் பெருவிழா, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாளன்று நிறைவுறும். காவியுடை அணிந்து, பல நாள் நடந்தே வருவோர் பலர். தமிழில் மட்டுமன்றித் தெலுங்கு உள்ளிட்ட பிற மொழிகளிலும் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. மெழுகுவத்தி ஏற்றுதல், முடியிறக்குதல் முதலிய நேர்த்திக்கடன்களைப் பல சமயத்தாரும் செலுத்துகின்றனர்.

இத்தகைய பயணமொன்றில் பாட்டி, பெற்றோர், ஏழாம் வகுப்பில் பயிலும் மகள் ஆகிய நால்வர் சென்றனர். வழிபாடு முடிந்து கடற்கரைக்குச் செல்லும் சாலையில் நடந்தபோது, இருபுறமும் கடைகள் நிறைந்திருந்தன. பொரியும் கடலையும் குன்றுபோல் குவிந்திருந்தன. மசாலா தடவிய வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. வேண்டிய மீனைச் சுட்டிக் காட்டினால், அப்போதே பொரித்துக் கொடுத்தனர். கடலில்லாச் சித்தூரிலிருந்து வந்தவர்களுக்கு அது புதிய காட்சி. கண் தெளிந்தும் செவுள் சிவந்தும் இருந்தால் மீன் புதியது என்று பாட்டி பேத்திக்குக் கற்பித்தார்.

சிறுமிக்கோ ஓர் ஐயம். “பாட்டி, கும்பிட வந்த இடத்தில் இத்தனை கடைகள் எதற்கு?” என்று கேட்டாள்.

“இந்த ஊரின் கதையே ஒரு மோர்க்காரப் பிள்ளையின் கதைதான், கண்ணே” என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. பதினாறாம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்துச் செல்வர் ஒருவருக்குப் பால் கொண்டு சென்ற ஆயர் சிறுவன், வழியில் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறினான். கையில் குழந்தையுடன் தோன்றிய பெண்மணி பால் கேட்க, அவன் கொடுத்தான். குறைந்த பாலுக்காக வீட்டுக்காரரிடம் வருந்தி நின்றபோது, குடம் நிறைந்து வழிந்ததாம். அக்குளம் இன்று மாதா குளம் எனப்படுகிறது. பின்னர், நடுத்திட்டு என்னுமிடத்தில் ஏழைக் கைம்பெண்ணின் மகனொருவன் மோர் விற்றுவந்தான். அவனால் நடக்க இயலாது. அவனிடமும் அப்பெண்மணி மோர் கேட்டார். பருகிய பின், நாகப்பட்டினம் சென்று செய்தி சொல்லுமாறு பணித்தார். அவன் எழுந்து நடந்தான். அதன்பின் அங்கே ஒரு கூரைக்கோயில் எழுந்தது. புயலில் தப்பிக் கரைசேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள், நன்றிக்கடனாக அதனைக் கற்கோயிலாக்கினர் என்பது மூன்றாவது செய்தி.

முதலிரண்டு செய்திகளிலும் வருவோர் மன்னரோ செல்வரோ அல்லர். பாலும் மோரும் சுமந்த சிறுவர்கள். மோர் எளிய பொருள். கடைந்த தயிரில் நீர் சேர்த்து, உப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கலந்தால் நீர்மோர் ஆகிவிடும். வெயிலில் நடப்பவர் வியர்வையால் நீரையும் உப்பையும் இழக்கிறார். நீர்மோர் அவ்விரண்டையும் மீட்டுத் தருகிறது. நெடுந்தொலைவு நடந்து வருபவருக்கு அதனைக் கொடுப்பவரும் அப்பயணத்திற்குத் துணையாகிறார்.

இச்சிறு வணிகர்களின் வாழ்வு கடலை நம்பியது. கடலால் அழியவும் கூடியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை வேளையில் ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையைத் தாக்கியது. கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் கடை வைத்திருந்தோரும் ஒருசேர அடித்துச் செல்லப்பட்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தப்பியோர் அதே கரையில் மீண்டும் அடுப்பு மூட்டினர். அவர்களுக்கு வேறு தொழில் இல்லை. பயணிகளின் வருகையும் நிற்கவில்லை.

பாட்டி இதையும் சொல்லி முடித்தபோது, தாய் ஒரு மூதாட்டியிடம் பொரிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சிறுமி தாயின் கையை மெல்லப் பற்றி, “கேட்டதைக் கொடுத்துவிடுவோம், அம்மா” என்றாள். தாய் மறுமொழி கூறாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். மூதாட்டி ஒரு கைப்பிடிப் பொரியைக் கூடுதலாக அள்ளிப் போட்டார்.

அருஞ்சொற்பொருள்

நேர்த்திக்கடன் – வேண்டுதலை நிறைவேற்றச் செலுத்துவது
ஆயர் – ஆடு மாடு மேய்ப்போர்
கைம்பெண் – கணவனை இழந்தவர்
ஆழிப்பேரலை – சுனாமி

சிந்தித்து எழுதுக

1. நடந்து வரும் பயணிகளுக்கு நீர்மோர் ஏற்ற பானமாவது ஏன்?
2. சிறுமியின் ஐயம் எவ்வாறு நீங்கியது?
3. உம் ஊர்த் திருவிழாவில் உணவு விற்கும் ஒருவருடன் உரையாடி, அவரது ஒரு நாள் உழைப்பைப் பத்து வரிகளில் எழுதுக.