வெள்ளை அணு கூடினால்…

முப்பது ஆண்டுகள் மும்பையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். "வெள்ளை அணு அதிகமாம், பயப்படணுமா சார்?" என்று ரிப்போர்ட்டும் கையுமாக வரும் சங்க அன்பர்களுக்காக இந்தக் கட்டுரை.

இரத்த அணுக்கள் உற்பத்தியாவது எலும்பு மஜ்ஜையில். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்புகளில் இந்தத் தொழிற்சாலை இரவு பகலாக நடக்கிறது. மூல அணுக்கள் பிரிந்து வளர்ந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு ஆகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்; தட்டணுவுக்கு 7 முதல் 10 நாள்தான். பழையது கழியக் கழியப் புதியது அளவோடு வர வேண்டும்.

அந்த அளவு தவறுவதே 'சி.எம்.எல்.' என்னும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். ஒரு மூல அணுவில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் உண்டாகும் புரதம், 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. குட்டையான அந்த 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டனர். துண்டு இடம் மாறுவதை 1973இல் விளக்கியவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி.

வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது சகஜம். இந்நோயில் லட்சத்தையும் தாண்டலாம். சாதாரணக் காய்ச்சலிலும் ஓரளவு கூடும்; உடனே கலங்க வேண்டாம். ஆனால் அசதி, எடைக் குறைவு, இரவு வியர்வை, மண்ணீரல் வீங்கி இடப்பக்க வயிறு கனப்பது, இவை நீடித்தால் பரிசோதியுங்கள். இது தொற்றாது, பரம்பரையாகவும் வருவதில்லை. கல்யாணப் பேச்சில் இதைச் சொல்லி எந்தக் குடும்பத்தையும் ஒதுக்காதீர்கள்.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'இமாட்டினிப்' மாத்திரை அந்தப் புரதத்தையே அடக்குகிறது. அதன் புதிய வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, நம் நாட்டுத் தயாரிப்பில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்க வழி உறுதியானது.

மாட்டுங்கா நண்பர் ஒருவர் உடம்பு தேறியதும், ஊருக்குப் போன இடத்தில் மாத்திரையை விட்டுவிட்டார். சில மாதங்களில் எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது. எண்ணிக்கை இறங்கினாலும் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. சிலருக்கு மருந்தை நிறுத்த முடிவதுண்டு. பல ஆண்டுப் பரிசோதனைகளைப் பார்த்து டாக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும்போதே, திரும்பும் நாள் வரைக்குமான மாத்திரையும் டாக்டர் சீட்டும் பெட்டியில் ஏறட்டும்.